கடவுச்சொல் யாருக்குப் பூட்டு?

2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவை மைக்ரோசொஃப்ட் நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11க்கு மாறலாம்தான். ஆனால் அதுக்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும் ஓரளவு புதிய புரொசெசரும் வேணும். கலைப்பீடத்தில் படிக்கும் எங்களில் கனபேரிடம் இருப்பது அண்ணாவோ அக்காவோ பாவிச்சு முடிச்சுத் தந்த லப்டொப். புதுசின் விலையைக் கேட்டால் கேட்ட கால் தூசியோடு திரும்பி வரவேண்டியதுதான். அதனால் இப்போது எங்கட போடிங் அறைகளில் லினக்ஸ் என்ற பெயர் அடிக்கடி கேட்கிறது. காசு இல்லை, பழைய மெஷினிலும் ஓடும்.

என்ர லப்டொப்பும் அந்த வழியில்தான் லினக்ஸுக்கு வந்தது. கணினி படிக்கிற நண்பன் ஒருவன் ஒரு வெள்ளிக்கிழமை கன்ரீனில் இருந்து நிறுவித் தந்தான். சீ டிரைவை மட்டும் அழித்து, டீ டிரைவை அப்படியே விட்டான். கடவுச்சொல்லை நானேதான் அடித்தேன், கேட்டபடி இரண்டு தரம். அவன் பஸ் ஏறி ஊருக்குப் போய்விட்டான். இரவு அறையில் திறந்தால், என் பெயரைக் காட்டி, கடவுச்சொல்லைக் கேட்டு, "பிழை, திரும்ப முயற்சி செய்க" என்கிறது. திரும்ப அடித்தேன். திரும்பவும் பிழை. ஒரு மணித்தியாலம் இப்படியே போனது.

டீ டிரைவில் இருந்தது என்ர இறுதியாண்டு ஆய்வு. மீள்குடியேறிய பெண்கள் 14 பேரின் நேர்காணல்கள், எல்லாம் குரல் பதிவுகள். சிலர் முதல் தடவையாக வாய் திறந்து சொன்ன கதைகள். ஒரு அம்மா ரெக்கோடரைப் பார்த்து, "இதை ஆரும் கேப்பினமோ பிள்ளை?" என்று கேட்டிருந்தா. "நானும் சேரும் மட்டும்தான் அம்மா" என்று சொல்லியிருந்தேன்.

அடுத்த நாள் கிடைத்த ஆலோசனை எல்லாம் ஒன்றுதான்: "ஃபோர்மட் பண்ணு." எங்கட ஊரில் காய்ச்சலுக்குப் பனடோல் மாதிரி, கணினிக்கு ஃபோர்மட். ரவுணில் ஒரு கடையில், டிஸ்க் முழுக்க அழித்துத்தான் செய்யலாம் என்று சொல்லிவிட்டார்கள். நண்பனுக்குக் கோல் எடுத்தேன். அவன் முதல் சொன்னது: "ஒண்டையும் அழிக்காத. என்ர பென்ட்ரைவ் உன்னட்டத்தானே இருக்கு? அதைக் குத்திப் போட்டு ஓன் பண்ணு."

நிறுவுவதற்குப் பாவித்த அந்தப் பென்ட்ரைவில் ஒரு முழு லினக்ஸே இருக்கிறது. டிஸ்க்கைத் தொடாமல் பென்ட்ரைவில் இருந்தே கணினி எழும்பும். அப்படி எழும்பியதும் டீ டிரைவைச் சொடுக்கினேன். 14 பதிவுகளும் வரிசையாக இருந்தன. எல்லாவற்றையும் வேறொரு டிஸ்க்கில் பிரதி எடுத்த பிறகுதான் மூச்சு வந்தது.

இனிப் பூட்டு. நண்பன் தொலைபேசியில் கேட்ட கேள்வி எனக்குப் பிடித்துக்கொண்டது. "நீ என்ன அடிச்சனி எண்டு கேக்கேல்லை. அதுக்கு என்ன போய்ச் சேர்ந்தது எண்டு கேக்கிறன்." கடவுச்சொல் பெட்டியில் புள்ளிகள்தான் தெரியும். எந்த எழுத்து விழுந்தாலும் புள்ளி புள்ளிதான். அதனால் கடவுச்சொல்லைப் பெயர் அடிக்கும் பெட்டியில் அடித்துப் பார்க்கச் சொன்னான். அங்கே எழுத்து வெளியில் தெரியும். (பக்கத்தில் ஆள் இல்லாத நேரம் செய்யுங்கோ. செய்தபின் அழித்துவிடுங்கோ.) அடித்தேன். திரையில் வந்தது சிங்கள எழுத்துகள்.

நடந்தது இதுதான். நிறுவும்போது நாடு இலங்கை என்று கொடுத்ததும், கீபோர்ட்டும் இலங்கை என்று தானாக வந்து நின்றிருக்கிறது. ஆனால் நிறுவல் ஓடிக்கொண்டிருந்த நேரம் விசைகள் இன்னும் ஆங்கிலத்தில்தான் வேலை செய்தன. அந்தத் தெரிவு நடைமுறைக்கு வந்தது புது சிஸ்டம் எழும்பிய பிறகு. நான் ஆங்கிலத்தில் பதிந்த சொல்லை இரவு முழுக்கச் சிங்களத்தில் அடித்துக்கொண்டிருந்திருக்கிறேன். திரையின் மூலையில் இருந்த சின்ன மொழிக் குறியைச் சொடுக்கி ஆங்கிலமாக்கினேன். முதல் தரத்திலேயே திறந்தது.

லினக்ஸின் கீபோர்ட் பட்டியலைப் பிறகு எடுத்துப் பார்த்தேன். அதில் இலங்கை என்று ஒரு தலைப்பு. அதன் இயல்பான தெரிவு சிங்களம். தமிழ் அதற்குக் கீழே, தமிழ்நெட் 99 முறையில், ஒரு மாற்று வடிவமாக இருக்கிறது. யாரும் வன்மத்தோடு எழுதியதாக நான் நினைக்கவில்லை. ஒரு நாட்டுக்கு ஒரு இயல்புத் தெரிவு வேணும், அவ்வளவுதான். ஆனால் 1987இல் 13ஆம் திருத்தத்தோடு அரசியலமைப்புக்குள் வந்த, தமிழும் அரசகரும மொழி என்ற ஏற்பாட்டில் உள்ள அந்த "உம்" எனக்கு உடனே ஞாபகம் வந்தது. இருக்கிறோம், ஆனால் தேடித் தெரிவு செய்தால்தான் வருவோம்.

இது இலங்கைக்கு மட்டுமான நோயும் இல்லை. பிரித்தானிய ஆங்கிலம் என்று தெரிவு செய்தால், இரண்டாம் இலக்க விசையை ஷிஃப்ட்டோடு அழுத்தும்போது மேற்கோள் குறி வரும். அமெரிக்க ஆங்கிலத்தில் அதே விசைக்கு மின்னஞ்சல் முகவரியில் வரும் "அட்" குறி. கடவுச்சொல்லில் அந்தக் குறி இருந்தால் கதை முடிந்தது. சில சின்ன லப்டொப்களில் நம் லொக் விழுந்தால் எழுத்து விசைகளில் கொஞ்சம் இலக்கங்களாக மாறிவிடும். கப்ஸ் லொக்கை எல்லாருக்கும் தெரியும்.

"பிழை" என்று சொல்லாமல், கடவுச்சொல்லை ஏற்றுக்கொண்டு, திரை ஒருக்கா கறுத்து, திரும்ப அதே வாசலில் கொண்டுவந்து விடுகிறதென்றால் அது வேறு வருத்தம். அப்போது கடவுச்சொல்லோடு மல்லுக்கட்டி வேலையில்லை. டிஸ்க் நிரம்பியிருக்கலாம், கிராஃபிக்ஸ் டிரைவர் ஒத்துவராமல் இருக்கலாம், உங்கட ஃபோல்டரில் உள்ள ஒரு கோப்பின் உரிமை ரூட்டுக்குப் போயிருக்கலாம். கொன்ட்ரோல், ஓல்ட், எஃப்3 மூன்றையும் ஒன்றாக அழுத்தினால் எழுத்து மட்டும் உள்ள ஒரு திரை வரும். அங்கே உள்ளே போக முடிந்தால் கடவுச்சொல் சரி என்று அர்த்தம். அந்தத் திரையில் கடவுச்சொல் அடிக்கும்போது புள்ளிகூட விழாது. விசை வேலை செய்யவில்லை என்று பயப்படாதீர்கள்.

இவ்வளவும் தெரிந்துகொண்டு நிம்மதியாகப் படுத்தேன். அடுத்த நாள் பஸ்ஸில் போகும்போதுதான் வேறொன்று உறைத்தது. சொந்தக்காரியை இரவு முழுக்க வெளியில் நிறுத்தின கதவு, ஒரு பென்ட்ரைவுக்கு ஒரு நிமிசத்தில் திறந்திருக்கிறது. பதிவுகளைப் பிரதி எடுக்கும்போது யாரும் என்னிடம் கடவுச்சொல் கேட்கவே இல்லை. அந்த லப்டொப்பைப் பஸ்ஸில் யாராவது தூக்கிக்கொண்டு போயிருந்தால், அல்லது யாராவது வாங்கிப் பார்க்க விரும்பியிருந்தால், அந்த அம்மாவின் குரலுக்கும் அவர்களுக்கும் இடையில் ஒன்றுமே இல்லை.

கடவுச்சொல்லின் பழைய கதையைப் பார்த்தால் இது விளங்கும். 1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் எம்ஐடியில் ஒரே கணினியைப் பலர் பங்குபோட்டுப் பாவித்தார்கள். பெர்னாண்டோ கோர்பட்டோவின் குழு உருவாக்கிய அந்த சிஸ்டத்தில், ஒருவரின் கோப்பை மற்றவரின் கோப்பில் இருந்து பிரிக்கக் கடவுச்சொல் வந்தது. 1962இல் அலன் ஷெர் என்ற ஆய்வு மாணவர், தனக்கு ஒதுக்கிய கணினி நேரம் போதாமல், கடவுச்சொற்கள் இருந்த கோப்பையே அச்செடுத்துவிட்டார். அன்றைக்கு அவை அப்படியே எழுதப்பட்டிருந்தன. இன்றைய லினக்ஸ் அப்படி எழுதி வைப்பதில்லை. ஒருவழிக் கணக்கு ஒன்றைப் போட்டு அதன் விடையை மட்டும் வைக்கிறது. நாங்கள் அடிப்பதற்கும் அதே கணக்கைப் போட்டு, இரண்டு விடையும் ஒன்றா என்று பார்க்கிறது. ஒரு எழுத்து மாறினாலும் விடை முழுக்க வேறு. கிட்டத்தட்டச் சரி என்று ஒன்று அதுக்குக் கிடையாது.

ஆனால் வேலை மாறவில்லை. ஓடிக்கொண்டிருக்கும் சிஸ்டத்துக்குள் யார் யார் என்று பிரிப்பதுதான் அதன் வேலை. டிஸ்க்கைக் கையில் எடுத்தவரை அது தடுக்காது. கணினி எழும்பும்போது வருகிற மெனுவில் மீட்பு முறையைத் தெரிவு செய்தால், கனக்கக் கணினிகளில் பழைய கடவுச்சொல் தெரியாமலே புதுசு போடலாம். மறந்தவருக்கு அது வரம். களவெடுத்தவருக்கும் அதே வரம்தான்.

டிஸ்க்குக்கு உண்மையான பூட்டு மறைகுறியாக்கம். லினக்ஸில் அதை லக்ஸ் என்ற முறையால் செய்வார்கள். நிறுவும்போதே தெரிவு செய்வது இலகு. அதனால் கடைசியில் நானும் ஃபோர்மட்தான் செய்தேன், ஆனால் இந்தத் தரம் பதிவுகள் பத்திரமாக வெளியில் இருந்தன. டிஸ்க் முழுக்கப் பூட்டி, பதிவுகளை உள்ளே வைத்துவிட்டு, இடையில் எடுத்த பிரதியையும் அழித்தேன். அதே மாதிரிப் பூட்டிய இன்னொரு டிஸ்க்கில் ஒரு பிரதி சேரிடம் இருக்கிறது. நிறுவும்போது கீபோர்ட் பக்கத்தில் நின்று, அங்கே இருக்கிற சோதனைப் பெட்டியில் அடித்துப் பார்த்து, ஆங்கிலம் என்று உறுதி செய்துகொண்டுதான் அடுத்த பக்கத்துக்குப் போனேன். கடவுச்சொல்லாக நீளமான சில சொற்கள், எல்லாம் சின்ன எழுத்து, குறிகள் இல்லை.

இந்தப் பூட்டில் ஒரு கண்டிப்பு இருக்கிறது. மறந்தால் மீட்பு முறையும் உதவாது, பென்ட்ரைவும் உதவாது, நண்பனும் உதவமாட்டான். டிஸ்க்கைத் திறந்து பார்த்தால் அர்த்தமில்லாத பைட்டுகள்தான் இருக்கும். ஆக மறதிக்குப் பயப்படுவதா, களவுக்குப் பயப்படுவதா என்று ஒவ்வொருவரும் தங்கட டிஸ்க்கில் என்ன இருக்கிறது என்பதைப் பார்த்து முடிவெடுக்க வேணும். படமும் பாட்டும் மட்டும் என்றால் சாதாரணக் கடவுச்சொல் போதும். மற்றவர்களின் வாழ்க்கை இருக்கிறதென்றால் போதாது. களஆய்வுக்குப் போகிற ஒவ்வொரு பிள்ளையும் ஒப்புதல் படிவத்தில் "தகவல்கள் இரகசியமாகப் பேணப்படும்" என்று எழுதிக் கையெழுத்து வாங்குகிறோம். அந்த வரி எந்த டிஸ்க்கில், எந்தப் பூட்டுக்குள் பேணப்படுகிறது என்று ஆய்வு முறையியல் வகுப்பில் எங்களுக்கு ஒருதரும் சொல்லித் தரவில்லை. என்ர சொற்களை ஒரு கடதாசியில் எழுதி வீட்டில் வைத்திருக்கிறேன். எங்கே என்று இங்கே சொல்லமாட்டேன்.