வைகோ: படகும் பொடாவும்

தூத்துக்குடிக்காரனுக்கு வைகோன்னா முதல்ல ஸ்டெர்லைட்தாங்க. தொண்ணூறுகள்லேர்ந்தே ஆலையை எதிர்த்து நடந்தார், உண்ணாவிரதம் இருந்தார், கோர்ட்ல தானே நின்னு வாதாடினார். 2013 ஏப்ரல்ல ஆலையை ஓட விட்ட சுப்ரீம் கோர்ட்டே, 100 கோடி கட்டச் சொல்லிட்டு, வழக்கு நடத்தினவங்களைப் பாராட்டுச்சு.

வெளியூர் நண்பர்கள் கேக்கறது புலி விவகாரம்தான். அதை அவர் எங்கே மறைச்சார்? 1989ல இந்திய அமைதிப்படை புலிகளோட சண்டை போட்டுட்டு இருந்த நேரம். தி.மு.க. ராஜ்யசபா எம்.பி.யா இருந்துகிட்டே ரகசியமா படகேறி, வன்னிக்குப் போய் பிரபாகரனைப் பார்த்தார். கலைஞர் அப்பதான் முதல்வர் ஆகியிருந்தார். சங்கடம் எப்படி இருந்திருக்கும்! 1993ல புலிச்சதின்னு சொல்லி கட்சியை விட்டே நீக்கினாங்க. மறுவருசம் ம.தி.மு.க.

எனக்கு உறுத்தறது படகு இல்ல, ஓட்டு. 2002 மார்ச்ல பொடா மசோதாவை வாஜ்பாய் கூட்டணில இருந்த ம.தி.மு.க.வும் ஆதரிச்சது. ஜூன் 29 திருமங்கலத்துல புலிகளை ஆதரிச்சுப் பேசினார். ஜூலை 11, அமெரிக்காவுலேர்ந்து வந்து இறங்கினதும் ஜெயலலிதா அரசு அதே பொடாவுல பிடிச்சுது. 577 நாள், வேலூர் ஜெயில். உள்நோக்கம் இல்லாம வெறுமனே ஆதரிச்சுப் பேசறது மட்டும் குற்றமாகாதுன்னு சுப்ரீம் கோர்ட் சொல்ல 2003 டிசம்பர் ஆச்சு. இவருக்குப் பேச ஒரு கட்சி இருந்தது. அதே சட்டத்துல உள்ள போன பேர் தெரியாத ஆளுங்களுக்கு?

இன்னொண்ணு. 2009 பேச்சுக்காக தேசத்துரோக வழக்குல 2019 ஜூலைல ஒரு வருசம் தண்டனை. அதே மாசம் ராஜ்யசபா எம்.பி. கேஸ் போட்டது தி.மு.க. ஆட்சி, சீட் கொடுத்ததும் தி.மு.க.தான் :-)