அறியாமல் எடுத்த படம்

உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பல்கலைக்கழக அனுமதியை எதிர்பார்த்து வீட்டிலிருந்த காலம் அது. 2021ஆம் ஆண்டு. கனடாவிலுள்ள மாமா தாம் பாவித்துக் கழித்த கமராவொன்றை எனக்கு அனுப்பிவைத்தார். கையிற் கமரா வந்ததும் எல்லோரும் எவற்றைப் படமெடுப்பரோ அவற்றையே நானும் எடுத்தேன்: கோபுரம், செவ்வரத்தம்பூ, குளத்து நீரில் விழும் அந்திச் சூரியன். சில வாரங்களில் அவை அலுத்துவிட்டன. ஏற்கெனவே பிறர் எடுத்துவிட்ட படங்களையே நான் மீண்டும் எடுத்துக்கொண்டிருந்தேன்.

கிளிநொச்சி மாவட்டத்திற் குளமொன்றை அண்டிய சிற்றூரிற் பெரியம்மா வீடு இருக்கிறது. ஒருநாள் மாலை அவ்வூர்க் குளக்கட்டில் ஒரு சிறுவனைக் கண்டேன். ஏழெட்டு வயதிருக்கும். பக்கத்திலே ஒரு கறுப்பு நாய். சிறுவன் ஒரு பிஸ்கற்றைக் கடித்து, மீதிப் பாதியை நாய்க்குக் கொடுத்தான். நாய் அதை விழுங்கிவிட்டு அவன் வாயைப் பார்த்தது. அவன் நாயின் வாயைப் பார்த்தான். இருவர் முகத்திலும் ஒரே ஏமாற்றம்! என்னை அறியாமலே கமராவை உயர்த்தினேன். அன்று தொடங்கிய பழக்கம் இன்றுவரை விடவில்லை. விடுதி நண்பர்கள் எனக்கு 'நாய்ப்படப் புலவர்' என்று பட்டமும் சூட்டிவிட்டார்கள்.

பிள்ளைகளையும் நாய்களையும் ஏன் ஒருங்கே எடுக்கவேண்டும் என்று கேட்பாருளர். நமது ஊர்ப் பிள்ளைகள் கமராவைக் கண்டதும் கைகளைத் தொடையோடு ஒட்டி, மூச்சை அடக்கி, பாடசாலைக் காலைக் கூட்டத்தில் நிற்பதுபோல நிமிர்ந்து நிற்பர். 'சிரி' என்றால் பல்லைக் காட்டுவர், அது சிரிப்பன்று. நாயொன்று பக்கத்தில் வந்துவிட்டால் நிலைமை மாறிவிடுகிறது. நாய்க்குக் கமரா ஒரு பொருளன்று. அது தன் போக்கிற் சொறியும், நக்கும், இழுக்கும். பிள்ளையும் கமராவை மறந்து நாயின் பின்னே போய்விடும். பிள்ளை தானாக இருக்கும் கணம் அதுவே.

அக்கணத்தைப் பிடிப்பது எளிதன்று. புகைப்படக்கலை உலகுக்கு அறிவிக்கப்பட்ட 1839ஆம் ஆண்டையொட்டிய காலத்தில் ஒரு படத்திற்குப் பல நிமிடங்கள் தேவைப்பட்டன. டாகர் என்பார் பாரிஸ் நகர வீதியொன்றை எடுத்த புகழ்பெற்ற படத்திற் சனநடமாட்டமே இல்லாததுபோலத் தோன்றும். நடந்தவர்கள் எவரும் தகட்டிற் பதியவில்லை. சப்பாத்துத் துடைப்பிப்பதற்காக நின்ற ஒருவர் மட்டும் பதிந்தார். ஓயாது அசையும் பிள்ளையும் நாயும் அக்காலக் கமராவுக்குப் புகையாகவே தெரிந்திருப்பர். 1925இற் கைக்கடக்கமான லைக்கா கமரா சந்தைக்கு வந்தபின்பு, ஓடுகிறவர்களை ஓடுகிற நிலையிற் பிடிப்பது பலருக்கும் மேலும் எளிதாயிற்று.

இன்றைய கமரா எவ்வளவு விரைவானதாயினும், நமக்குத் தெரிந்த பழமொழியின் கதைதான் பெரும்பாலும் நிகழ்கிறது: நாயைக் கண்டாற் கமராவைக் காணோம், கமராவைக் கண்டால் நாயைக் காணோம். நான் பட்டுத் தெளிந்தவை சில உண்டு. நின்றபடி எடுத்தாற் பிள்ளையின் உச்சந்தலையும் நாயின் முதுகுமே விழும்; முழந்தாளிட வேண்டும், தேவையாயின் மண்ணிற் படுக்கவும் வேண்டும். ஓடும் நாய்க்குச் சட்டர் வேகம் 1/500 செக்கனுக்குக் குறையலாகாது. கறுப்பு நாய் ஒரு தனிச் சோதனை. கமராவின் ஒளிமானி தான் காண்பதையெல்லாம் நடுத்தரச் சாம்பல் நிறமென்று எண்ணியே அளக்கும். ஆதலாற் படத்தைக் கறுப்பு நாய் நிறைத்தால் அதனைச் சாம்பலாக்கி, பக்கத்திலிருக்கும் பிள்ளையின் முகத்தையும் வெளிறச் செய்துவிடும். ஒளியை ஒருபடி குறைத்தே எடுக்கவேண்டும். எல்லாவற்றிலும் முக்கியமானது காத்திருத்தல். நான் முதல் மூன்று நாளும் கமராவைக் கழுத்திற் தொங்கவிட்டபடி குளக்கட்டிற் சும்மா இருந்தேன். நான்காம் நாள் நான் அவர்களுக்கு ஒரு பனைமரத்தைப் போல ஆகிவிட்டேன்.

இத்துறையில் எலியட் எர்விற் என்பாரை (1928–2023) அறியாதார் இல்லை. 1974இல் நியூயோர்க்கில் அவர் எடுத்த படமொன்றில் நாயொன்றின் நெடிய கால்களும், ஒரு பெண்ணின் சப்பாத்துக் கால்களும், தொப்பியணிந்த சின்னஞ்சிறு நாயொன்றும் மட்டுமே தெரியும். உலகத்தை நாயின் கண் மட்டத்தில் நின்று பார்த்த படம் அது. நாய்களின் கவனத்தை ஈர்ப்பதற்காக அவர் தாமே குரைத்ததும் உண்டு. நானும் ஒருமுறை குரைத்துப் பார்த்தேன். கறுவல் (அதுவே அந்தக் கறுப்பு நாயின் பெயர்) என்னை இரக்கத்தோடு பார்த்துவிட்டு அப்பாற் சென்றது.

இவ்வளவில் இக்கட்டுரை முடிந்திருந்தால் எனக்கும் மகிழ்ச்சியே. ஐந்தாம் நாள் சிறுவனின் தாயார் குளக்கட்டுக்கு வந்தார். என்னைச் சற்றுநேரம் பார்த்தபடி நின்றார், கோபம் இல்லை. பின்பு கேட்டார்:

"தம்பி, எடுக்கிற படத்தை என்ன செய்யப் போறியள்?"

"சும்மாதான் அக்கா, பழகிறதுக்கு" என்றேன்.

"படம் எடுக்கிறது பிழையில்லை. ஆனா எடுக்கிற ஆக்கள் கொண்டுபோயிடினம். மூத்தவள் முகாமிலை சோத்து வரிசையிலை நிண்டு அழுதவள். அதையும் ஒராள் எடுத்தவர். அவள் அழுத படம் எங்கையோ உலகத்திலை இருக்கு. அவள் சிரிச்ச படம் ஒண்டும் எங்களிட்டை இல்லை."

எனக்கு மறுமொழி வரவில்லை. ஏனெனில் அவர் கூறிய செட்டிகுளம் முகாமில் 2009ஆம் ஆண்டு நானும் ஏழு வயதுச் சிறுவனாக இருந்தேன். என்னையும் யாரோ எடுத்திருக்கிறார்கள். கம்பிவேலிக்கு அப்பால் நின்ற ஒருவர் கமராவை உயர்த்தியதும், நான் கைகளைத் தொடையோடு ஒட்டி நிமிர்ந்து நின்றதும் நினைவில் இருக்கின்றன. அப்படத்தை நான் ஒருபோதும் கண்டதில்லை.

எங்கள் வீட்டிலும் ஒரு நாய் இருந்தது. ஜிம்மி என்று பெயர். 2008இன் பிற்பகுதியில் நாங்கள் வீட்டை விட்டுப் புறப்பட்டபொழுது உழவியந்திரப் பெட்டியில் அதனையும் ஏற்றிக்கொண்டோம். இடத்துக்கிடம் எங்களோடு வந்தது. 2009இன் தொடக்கத்தில் ஓரிரவு அவசரமாக வெளியேற வேண்டியிருந்தது. எங்களுக்கே வாகனத்தில் இடமில்லை. அப்பா சங்கிலியைக் கழற்றிவிட்டார். அது குரைக்கவில்லை, வாலை ஆட்டிக்கொண்டு நின்றது. தமிழ் வகுப்பில் நாலடியாரைப் படித்தபொழுது, எறிந்த வேல் உடம்பில் நிற்கவும் எறிந்தவனைக் கண்டு வால்குழைக்கும் நாயை விரிவுரையாளர் விளக்கினார். வகுப்பிலிருந்த மற்றவர்களுக்கு அது ஓர் உவமை. நான் சாளரத்துக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன்.

குடும்பப் படங்கள் இருந்த பையை அம்மா மாத்தளன்வரை சுமந்துவந்தார். ஏப்ரலில் அங்கிருந்து வெளியேறியபொழுது அதுவும் கைவிடப்பட்டது. இன்று அக்காவுக்கும் எனக்கும் ஒரு வழக்கு உண்டு. ஜிம்மியின் நெஞ்சில் வெள்ளை இருந்தது என்பேன் நான். முழுவதும் மண்ணிறம் என்பார் அக்கா. பல ஆண்டுகளாக வாதிடுகிறோம். எடுத்துக்காட்ட ஒரு படமில்லை. அம்மாவிடம் கேட்டால், "எனக்கு நினைவில்லை, விடுங்கோ" என்று அடுப்படிக்குள் போய்விடுவார்.

பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் கார்த்தியே-பிரெசோன் 1952இல் வெளியிட்ட நூலுக்கு ஆங்கிலத்திலே 'தீர்க்கமான கணம்' என்ற பொருளில் தலைப்பிட்டனர். உலகம் அத்தலைப்பையே கொண்டாடியது. ஆனால் பிரெஞ்சுத் தலைப்பின் பொருள், ஓட்டத்தில் அவசரமாக, களவாக எடுத்த படங்கள் என்பதாம். முன்னதை நான் ஒரு கலைக்கோட்பாடாகக் கற்றேன். பின்னதன் பொருளைக் குளக்கட்டில் அந்தத் தாயாரின் கேள்விதான் எனக்கு உணர்த்தியது. நமது நாட்டிலும் லயனல் வென்ற் (1900–1944) எடுத்த உயர்ந்த படங்களைப் பார்க்கும்பொழுது இப்பொழுதெல்லாம் எனக்கு ஓர் ஐயம் எழுகின்றது. கலைஞனின் பெயரை ஒரு கலையரங்கே தாங்கி நிற்கிறது. அப்படங்களிலுள்ள கிராமத்து மனிதர் பலரின் பெயர் நமக்குத் தெரியாது. அவர்கள் தம் படத்தைக் கண்டார்களா?

அறியாமல் எடுத்தல் வேறு. கேளாமல் எடுத்தல் வேறு என்பது எனது இன்றைய முடிவு. முதலிற் கேட்கவேண்டும்: தாயிடமும் கேட்கவேண்டும், பிள்ளையிடமும் கேட்கவேண்டும். பின்பு அவர்கள் அதை மறக்கும்வரை காத்திருக்கவேண்டும். கேட்டாற் பிள்ளையின் இயல்பு கெட்டுவிடும் என்பார் சிலர். கெடுகிறது, உண்மைதான், ஆனால் அரைமணி நேரத்திற்கே. நாய் அதனைச் சரிசெய்துவிடும். எடுத்த படத்தின் பிரதியொன்று அவ்வீட்டுக்குச் சேரவேண்டும். படத்தைக் கைத்தொலைபேசியில் உலகெங்கும் அனுப்புவது இக்காலத்தில் ஒரு விரலின் வேலை. ஆதலாலே, அனுப்பாதிருப்பதற்குத்தான் முயற்சி வேண்டியிருக்கிறது.

இம்முடிவு எனக்கு இலவசமாகக் கிடைக்கவில்லை. சென்ற ஆண்டு எங்கள் பீடத்திற் புகைப்படக் கண்காட்சியொன்று நடந்தது. என்னிடமிருந்த படங்களுள் மிகச் சிறந்தது சிறுவனும் கறுவலும் இருக்கும் ஒரு படம். நண்பர்கள் அதையே வைக்கச் சொன்னார்கள். எடுத்தபோது அனுமதி இருந்தது. காட்டுவதற்கும் கேட்கவேண்டுமே என்று ஊருக்குச் சென்றபொழுது சிறுவனுக்குக் காட்டினேன். நெடுநேரம் பார்த்தான். "அண்ணை, இதை ஒருத்தருக்கும் காட்டாதேங்கோ" என்றான். ஏன் என்று நான் கேட்கவில்லை, எனக்குத் தெரியும். கண்காட்சியில் அப்படம் இடம்பெறவில்லை. அதில் இருந்தது என்னவென்று இங்கும் எழுதப்போவதில்லை.

அன்று அவனுக்கென்று வேறு நான்கு படங்களைக் கொண்டுபோயிருந்தேன். கிளிநொச்சி நகரில் ஒரு ஸ்ரூடியோவிற் பிரதியெடுத்தவை. பிஸ்கற் படத்தைக் கறுவலின் மூக்கருகே பிடித்துக் காட்டினான். அது முகர்ந்து பார்த்தது. பிஸ்கற் வாசம் இல்லாமையாற் போலும், திரும்பிப் படுத்துக்கொண்டது. தாயார் அப்படத்தைச் சாமிப் படங்களுக்குப் பக்கத்தில், வைரவர் படத்துக்குக் கீழே மாட்டினார். நாயை வாகனமாகக் கொண்ட தெய்வத்தின் அருகே அது பொருத்தமாகவே இருந்தது. "மூத்தவள் ஞாயிற்றுக்கிழமை வருவாள். அவளையும் ஒண்டு எடுத்துத் தாங்கோ தம்பி" என்றார். ஞாயிறு வரை நின்று எடுத்துக் கொடுத்தேன். தம்பியும் நாயும் ஏதோ குறும்பு செய்ய, அவள் வாய்விட்டுச் சிரித்தாள்.

கறுவலின் வலக்காது மடிந்திருக்கும். நெஞ்சில் ஒரு சிறு வெள்ளை உண்டு. இருபது ஆண்டுகளின் பின் அக்காளும் தம்பியும் அதைக் குறித்து வாதிட நேருமாயின், எடுத்துப் பார்க்க அவர்கள் வீட்டில் ஒரு படம் இருக்கும்.