குளத்தடியில் ஒரு கம்மல்

தக்கலையை அடுத்த எம் ஊர்க் குளத்தில், இளமைக் காலத்தே நீராடுகையில், உம்மா ஒற்றைக் கம்மலைத் தொலைத்தார். அதன் இணை இன்றும் அவர்தம் பெட்டியில் உள்ளது. சென்ற கோடையில் குளம் வற்றிய வேளை, வளைகுடாவிலிருந்து வந்த உறவினர் உலோகங்காட்டும் கருவியொன்றைக் கொணர்ந்தார். "இப்பவே இறங்குவோம்" என்றார். யாம் இசைந்தோமில்லை. குளம் ஊர்ப் பொது. அதன் கரையும் மடையும் உழவர்தம் உயிர்.

சட்டமும் உண்டு. 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, மண்ணில் மறைந்த பொருள் 10 ரூபாய் மதிப்பைக் கடந்தால் கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்தால் அறிவித்தல் வேண்டும். தவறின் ஓராண்டு வரை சிறை. (10 ரூபாய்க்கு இன்று நல்ல தேநீரும் அரிது!) நூறாண்டுக்குள் மறைந்த பொருளாயின் உரிமை கோருவார்க்கும் அச்சட்டம் இடந்தருகிறது. எமக்குச் சான்று அவ்வொற்றைக் கம்மலே. பத்மநாபபுரம் அருகிருக்க, திருவிதாங்கூர்ச் சக்கரமும் காசும் அகப்படா என எவர் உரைப்பார்? நூறாண்டு கடந்த நாணயமோ 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள்.

ஆகவே மனு எழுதினோம். 'புதையல்' என்றால் அஞ்சுவர்; 'தாயின் காதணி தேட' என்றே எழுதினோம். எழுத்தர் இருமுறை படித்து, "இதுக்குப் படிவமே இல்லையே சார்" என்றார். ஆயினும் பதிவேட்டில் எண்ணிட்டுக்கொண்டார்.

விடை வருமுன் இடவப்பாதி மழை வந்தது. குளம் நிறைந்தது. உறவினரும் கருவியுடன் கடல் கடந்தார். உம்மா பெட்டியை மூடியவாறே, "அடுத்த வேனலுக்கு இருந்தா பாக்கலாம் மக்களே" என்றார்.