நிற்குமா?

பழைய காரை வீட்டிலேயே கரன்ட் காராக மாற்றப் போகிறேன் என்று யாராவது சொன்னால், என்ன கேட்பீர்கள்? எத்தனை பேட்டரி, ஒரு சார்ஜுக்கு எத்தனை கிலோமீட்டர், செலவு எவ்வளவு? எல்லாமே ஓடுவதைப் பற்றிய கேள்விகள். 'நிற்குமா?' என்று யாரும் கேட்பதில்லை.

கோயமுத்தூர் கணபதியில் என் கல்லூரி நண்பன் லேத் பட்டறை வைத்திருக்கிறான். அவனிடம் ஒரு மாருதி 800. அந்த மாடல் உற்பத்தியே 2014-ல் நின்றுவிட்டது. இவன் என்ஜினைக் கழற்றி வைத்துவிட்டு, ஏதோ ஒரு கம்பெனியில் ஓய்வுபெற்ற ஃபோர்க்லிஃப்டின் டி.சி. மோட்டாரை கியர்பாக்ஸோடு பொருத்திவிட்டான். 12 வோல்ட் பேட்டரி ஆறு, மொத்தம் 72 வோல்ட். மகளை அதில் ஸ்கூலுக்குக் கூட்டிப் போக வேண்டும், அதுதான் லட்சியம். பாக்கி இருந்தது கன்ட்ரோலர். "அது ஒரு டப்பா மாப்ளே. நானே பண்ணிடறேன்" என்றான்.

டப்பா எதற்கு? பேட்டரியை நேராக மோட்டாரில் கொடுத்தால் என்ன? நின்றுகொண்டிருக்கும் மோட்டாருக்குத் தடை என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் கிடையாது. உங்கள் வீட்டு ஏ.சி. ஏழெட்டு ஆம்பியர் இழுக்கும். இது எடுத்த எடுப்பில் நூற்றுக்கணக்கில் இழுத்து, கியர்பாக்ஸைப் பெயர்த்துவிடும். அதனால் நடுவில் ஒரு ஸ்விட்ச். விநாடிக்குப் பல்லாயிரம் தடவை போட்டுப் போட்டு அணைக்கும் ஸ்விட்ச். ஆக்ஸிலரேட்டரை மிதிக்க மிதிக்க, 'போட்ட' நேரம் கூடும், 'அணைத்த' நேரம் குறையும். அவ்வளவுதான் சூட்சுமம்.

இதில் என்னைப் போன்ற பி.காம். ஆசாமிக்குப் பிடித்த இடம் ஒன்று உண்டு. கால் பங்கு நேரம் மட்டும் ஸ்விட்ச் போட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மோட்டாருக்குப் போவது 18 வோல்ட், 200 ஆம்பியர். பேட்டரியிலிருந்து கிளம்புவதோ 72 வோல்ட், 50 ஆம்பியர். பெருக்கிப் பாருங்கள். இரண்டு பக்கமும் 3,600 வாட். டிரையல் பேலன்ஸ் டாலி! (கொஞ்சம் சூடாக வீணாகும். அதைத் தேய்மானத்தில் எழுதிக்கொள்ளலாம்.)

ஸ்விட்ச் அணைந்திருக்கும் நேரத்தில் மோட்டாருக்குள் ஓடிக்கொண்டிருந்த கரன்ட் சட்டென்று நிற்காது. அது சுற்றி வர ஒரு டயோடு வேண்டும். இல்லாவிட்டால் மின்னழுத்தம் எகிறி, ஸ்விட்ச் வேலை பார்க்கும் மாஸ்ஃபெட்டைக் கொன்றுவிடும். பேட்டரியிலிருந்து வரும் நீளமான கேபிளும் இதே மாதிரி முரண்டு பிடிக்கும். அதைச் சமாளிக்க மாஸ்ஃபெட்டுகளுக்குப் பக்கத்திலேயே பெரிய கெப்பாசிட்டர்கள். பத்து மாஸ்ஃபெட்டை வரிசையாக அலுமினியப் பட்டையில் முறுக்கி, டயோடு, கெப்பாசிட்டர் எல்லாம் வைத்து, நண்பன் அழகாகத்தான் செய்திருந்தான். என்னைக் கேட்டால் ரெடிமேடாக வாங்கியிருக்கலாம் என்பேன். என்னை யார் கேட்டார்கள்!

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். மாஸ்ஃபெட் சாகும்போது பெரும்பாலும் எப்படிச் சாகும் தெரியுமா? ஸ்விட்ச் போட்ட நிலையிலேயே. அதாவது, ஃபுல் ஆக்ஸிலரேட்டர். பெடலிலிருந்து காலை எடுத்தாலும் பிரயோஜனமில்லை. கிளட்சை மிதிக்கலாமே என்பீர்கள். சீரிஸ் மோட்டார் என்கிற ஜாதிக்குப் பாரம் இல்லாவிட்டால் வேகம் ஏறிக்கொண்டே போகும், மோட்டாரே பிய்த்துக்கொள்ளும். அப்போது காப்பாற்ற வேண்டியது கான்டாக்டர் ஒன்றுதான். பேட்டரிக்கும் கன்ட்ரோலருக்கும் நடுவில், 'டொக்' என்று திறந்து மொத்த கரன்டையும் வெட்டும் சாமான்.

கோயமுத்தூரில் கான்டாக்டருக்கா பஞ்சம்? பம்ப்செட் ஊர். கடைக்குக் கடை தொங்கும். நண்பன் ஒன்றை வாங்கி மாட்டியும் விட்டான். பட்டறைக்கு மோட்டார் காயில் கட்டித் தரும் பெரியவர் அதைத் திருப்பிப் பார்த்தார்.

"ஏனுங்க தம்பி, இது ஏ.சி. கான்டாக்டராச்சே."

"415 வோல்ட்டே தாங்குதுங்கண்ணா. 72 தாங்காதுங்களா?"

"ஏ.சி. செகண்டுக்கு நூறு தடவ செத்துச் செத்துப் பொழைக்குதுங்க. பொறி தானா அணைஞ்சுரும். டி.சி. சாகாது. நீங்க வெல்டிங் வெக்கறீங்களே, ராடு எத்தன வோல்ட்ல எரியுது?"

இருபது, இருபத்தைந்து. நண்பன் அதற்கு மேல் பேசவில்லை. அந்த வோல்ட்டிலேயே இரும்பை உருக்கும் பொறி, 72-ல் சும்மா இருக்குமா? கான்டாக்டர் திறக்கும், பொறி நடுவில் பாலம் போட்டு நின்றுகொள்ளும், கார் ஓடிக்கொண்டே இருக்கும். டி.சி.க்கென்றே செய்த கான்டாக்டர்களில் காந்தம் வைத்து அந்தப் பொறியை ஊதித் தள்ளுகிறார்கள். விலை பல மடங்கு. வாங்கினான். எந்தச் செலவைக் குறைக்கலாம், எதைக் குறைக்கக்கூடாது என்று நான் காலேஜில் மூன்று வருஷம் படித்ததைப் பெரியவர் ஒரு வெல்டிங் ராடில் முடித்துவிட்டார்.

அத்தோடு விடவில்லை அவர். காலியாக இருக்கும் கெப்பாசிட்டரில் திடீரென்று 72 வோல்ட்டைக் கொடுத்தால் அது ஷார்ட் சர்க்யூட் மாதிரிதான். கான்டாக்டரின் முனைகள் ஒட்டிப் பற்றிக்கொள்ளும். ஒட்டினால் பிறகு எந்த விலை கான்டாக்டரும் திறக்காது. எனவே, அதற்குக் குறுக்கே சில ரூபாய்க்கு ஒரு ரெசிஸ்டர். 100 ஓம் போதும். சாவி போட்டதும் கெப்பாசிட்டர் அதன் வழியே மெதுவாக நிரம்பும். 10,000 மைக்ரோஃபாரட் என்றால் ஐந்து விநாடி. அப்புறம்தான் 'டொக்'. பெடல் கம்பி அறுந்தால் கரன்ட் நிற்க வேண்டும், மிதித்த காலோடு சாவி போட்டால் கிளம்பக்கூடாது. இவற்றையும் சேர்க்கச் சொன்னார்.

கார் ரோட்டுக்கு வரவில்லை. ஆர்.சி. புத்தகத்தில் பெட்ரோலை எலெக்ட்ரிக் என்று மாற்ற வேண்டுமானால், முறையாகச் சோதித்து அங்கீகரித்த கிட் வேண்டும். பட்டறையில் செய்த டப்பாவுக்கு ஆர்.டி.ஓ. ஆபீஸில் மதிப்பில்லை. நியாயம்தான். மகள் இன்னும் ஸ்கூல் வேனில் போகிறாள்.

போன மாதம் பட்டறைக்குப் பின்னால் இருக்கும் மண் தரையில் ஓட்டிப் பார்த்தார்கள். லேத்தில் இருக்குமே, சிவப்புக் காளான் மாதிரி எமர்ஜென்சி ஸ்விட்ச், அதில் ஒன்றை டேஷ்போர்டில் பொருத்தியிருந்தான். முதல் கியர். பெடலில் வைத்த காலை எடுக்காமலே சிவப்பை அமுக்கினான். சத்தம் அடங்கி, வண்டி நாலடி உருண்டு நின்றது. இப்படிப் பத்து தடவை. பிறகு பெரியவர் பேட்டரி கேபிளைக் கழற்றச் சொல்லி, கான்டாக்டர் மூடியைத் திறந்து, டார்ச் அடித்துப் பார்த்தார்.

"லேசாக் கருத்திருக்குதுங்க. ஒட்டலை" என்றார்.