நீலப்பந்து

கொடைக்கானலில் ஏறி கோவில்பட்டியில் இறங்கும்வரை அந்த பாலித்தீன் பையை இரண்டு பாதங்களுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டே வந்தேன். 1984 மே மாதம், எனக்குப் பதினோரு வயது. பஸ் மலையிறங்கி வத்தலக்குண்டைத் தொட்டதும் ஜன்னல் வழியே அனல் அடித்தது. பாவாடை நுனியை இழுத்துச் செடியின் மேல் மூடினேன். அதற்கு அந்தக் காற்று ஒத்துக்கொள்ளாது என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஆனாலும் இறக்கிவிட மனமில்லை.

முந்தின நாள் பிரையண்ட் பூங்காவில் அதை முதன்முதலாகப் பார்த்திருந்தேன். ஒரு கொத்து என் தலை அளவு இருந்தது. நூற்றுக்கணக்கான சின்னப் பூக்கள் நெருங்கி உட்கார்ந்த உருண்டை. நல்ல நீலம். எங்கள் ஊரில் நீலத்துக்கு வானமும் சங்குப்பூவும் விட்டால் வேறு கிடையாது. ஏரிக்கரையில் ஒருவர் நாற்று விற்றுக்கொண்டிருந்தார். அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்து, அழுது, வாங்கினேன். பேர் கேட்கத் தோன்றவில்லை. நானே நீலப்பந்து என்று வைத்துக்கொண்டேன். ஹைட்ராஞ்சியா என்ற பேர் தெரியப் பத்து வருஷம் ஆயிற்று.

எங்கள் ஊர் கோவில்பட்டிக்குத் தெற்கே, இடைசெவலைத் தாண்டிக் கொஞ்ச தூரம். சுத்தக் கரிசல். சித்திரையில் நிலம் பாளம் பாளமாக வெடிக்கும். வெடிப்புக்குள் என் கால் கணுக்கால்வரை போகும். ஐப்பசி மழை விழுந்ததும் அதே மண் ஊதிப் பெருத்து, நடந்து போகிறவனின் செருப்பைப் பிடுங்கி வைத்துக்கொள்ளும். கிணற்றில் சவர்த் தண்ணீர். ஆனி, ஆடியில் மேற்கேயிருந்து காற்று. மலைக்கு அந்தப் பக்கம் மழையைக் கொட்டிவிட்டு, செங்கோட்டைக் கணவாய் வழியாக வெறுங்கையோடு வருகிற காற்று அது. ஈரத் துணியை ஒரு நாழிகையில் காயவைத்துவிடும். பின்னாளில் கயத்தாற்றுப் பக்கம் வரிசை வரிசையாகக் காற்றாலைகளை நட்டார்கள் என்றால் அதன் வேகத்தைப் புரிந்துகொள்ளலாம்.

இந்த மண்ணில் கொண்டுவந்து அந்தப் பையை இறக்கினேன்.

ஆச்சி திண்ணையில் உட்கார்ந்து புளி ஆய்ந்துகொண்டிருந்தாள். இலையை விரல் நுனியால் தடவிப் பார்த்தாள். அகலமான, மெத்தென்ற இலை.

"ஏட்டி, இது எவ்வளவு தண்ணி குடிக்கிற எலை பாத்தியா? குளுமையில கெடந்து வளந்த புள்ளை. நம்ம வெயிலு தாங்குமா?"

"நான் பாத்துக்கிடுவேன் ஆச்சி. தெனமும் தண்ணி ஊத்துவேன்."

"சரி, வச்சுப் பாரு."

அவ்வளவுதான் சொன்னாள். கிணற்றடிக்குப் பக்கத்தில் குழி தோண்டியதும் நான்தான். தோண்டும்போது வெள்ளை வெள்ளையாகச் சுக்கான் கற்கள் வந்தன. அவற்றை எடுத்து ஓரமாகப் போட்டுவிட்டு நட்டேன்.

முதல் வாரம் காலையில் நிமிர்ந்து நிற்கும். பதினோரு மணிக்கெல்லாம் இலைகள் வெந்நீரில் போட்ட கீரை மாதிரித் தொங்கிவிடும். சாயங்காலம் மறுபடி கொஞ்சம் தலை தூக்கும். தாகம் என்று நினைத்து ஒரு வேளையை இரண்டாக்கினேன், இரண்டை மூன்றாக்கினேன். வீட்டுக் குடத்து நல்ல தண்ணீரை ஒளித்து எடுத்துப்போய் ஊற்றினேன். அடிவாங்கினேன். பூங்கொத்து காய்ந்து காகிதமாயிற்று. பிறகு இளம் இலைகள் மஞ்சளாகத் தொடங்கின. அந்த மஞ்சள் எனக்கு இன்றும் கண்ணுக்குள் இருக்கிறது. நரம்புகள் மட்டும் பச்சையாக நிற்க, நடுவிலுள்ள சதை வெளுத்து, யாரோ பச்சைப் பேனாவால் மஞ்சள் தாளில் கோடு கிழித்ததுபோல் இருந்தது. அப்புறம் இலை ஓரங்கள் கருகின. ஆனிக் காற்று தொடங்கிய நாலாம் நாள் செடி குச்சியாகிவிட்டது.

ஆச்சிதான் அதைப் பிடுங்கினாள். வேரை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். பழுப்பாக, கொழகொழவென்று, அழுகல் வாடை அடித்தது.

"வெயிலு கொன்னது பாதி, ஒன் தண்ணி கொன்னது பாதி. கரிசல் குடிச்ச தண்ணிய லேசுல விடாதுட்டி. மேல காஞ்ச மாதிரி இருக்கும், உள்ள சேறா நிக்கும். வேரு மூச்சு விட வேண்டாமா?"

அந்தச் சாவுக்கு இன்னொரு காரணமும் இருந்தது. பள்ளிக்கூடம் திறந்ததும் அறிவியல் வாத்தியார் சுக்கான் கல் ஒன்றின் மேல் எலுமிச்சம்பழம் பிழிந்து காட்டினார். கல் புசுபுசுவென்று நுரைத்தது. அது சுண்ணாம்பு. எங்கள் மண் காரமண் என்பது அன்றைக்குத் தெரிந்தது. மிச்சத்தைக் கல்லூரியில்தான் படித்தேன். கார மண்ணில் இரும்பு இருந்தும் செடியின் வாய்க்கு எட்டாது. அதனால்தான் நரம்பு பச்சை, இலை மஞ்சள். அந்த நீலமே மலைமண்ணின் புளிப்பால் வந்தது. புளிப்பு மண்ணில்தான் அலுமினியம் கரைந்து வேருக்குள் ஏறும், பூ நீலமாகும். கார மண்ணில் அதே செடி ரோஸ் நிறத்தில் பூக்கும். ஒருவேளை பிழைத்திருந்தால்கூட என் நீலப்பந்து நீலமாக இருந்திருக்காது. கொடைக்கானல் ஏறக்குறைய 2,100 மீட்டர் உயரம், எங்கள் ஊர் 100 மீட்டர் சொச்சம். ஆயிரம் மீட்டருக்கு ஆறு டிகிரிக்குமேல் வெப்பம் வித்தியாசப்படும். பாவாடை நுனியால் மூடி, இவ்வளவு தூரத்தை நான் கடத்திவிடப் பார்த்திருக்கிறேன்.

செடி செத்த மறுநாள் உச்சிவெயிலில் ஆச்சி என் கையைப் பிடித்து வெளியே கூட்டிப்போனாள். "வா, தெருவைப் பாத்துட்டு வருவோம்." அந்த நேரத்தில் ஊரே கதவைச் சாத்திக்கொண்டு கிடக்கும். வீடு வீடாக, மதிலுக்கு மேல் எட்டிப் பார்த்துக்கொண்டு நடந்தோம். ஒவ்வொரு இடத்திலும் ஒரே கேள்விதான். "இதுக்கு யாரு தண்ணி ஊத்துதா?" கோயில் சுவரோரம் நின்ற நந்தியாவட்டைக்கு யாரும் ஊற்றவில்லை. ஓடைப் பக்கத்து அரளிக்கு யாரும் ஊற்றவில்லை. இடிந்துபோன வீட்டுக்குள் நின்ற முருங்கைக்கும், வேலிமேல் படர்ந்து கிடந்த பிரண்டைக்கும் ஊற்ற ஆளே கிடையாது. மூன்று மணி வெயிலில் அவை எதுவும் தலை தொங்கவில்லை. அரளி இலையை ஆச்சி என் உள்ளங்கையில் வைத்தாள். கெட்டியாக, தோல்போல, ஒடுக்கமாக இருந்தது. என் நீலப்பந்தின் அகன்ற இலை ஞாபகம் வந்தது. "கைய வாயில வச்சிராத, அரளி விசம்" என்று உடனே கழுவவும் வைத்தாள். அந்தப் பயத்தால்தான் எங்கள் வீட்டு அரளி எப்போதும் மதிலுக்கு வெளியே, மேற்குப் பக்கம் காற்றுக்குத் தடுப்பாக நின்றது. ஆடும் அதைத் தொடாது.

அன்றிலிருந்து எங்கள் கொல்லை எனக்கு வேறு மாதிரித் தெரிந்தது. அதுவரை செடிகள் முளைத்த இடத்தில் முளைத்துக் கிடப்பதாக நினைத்திருந்தேன். ஒவ்வொன்றையும் ஆச்சி யோசித்து வைத்திருந்தாள். பாத்திரம் கழுவும் தண்ணீர் ஓடுகிற வழியில் வாழையும் கல்வாழையும். அவற்றுக்கென்று ஒரு குடம் தண்ணீர் சுமந்ததே இல்லை. முருங்கையின் சல்லடை நிழலில் கனகாம்பரம். முழு வெயிலில் அது வெளிறும், முழு நிழலில் பூக்காது. கனகாம்பரத்தின் காய்ந்த கதிரை ஒடித்து, அதன்மேல் நாலு சொட்டுத் தண்ணீர் தெளித்துவிட்டுக் காத்திருப்போம். பட் பட்டென்று வெடித்து விதை நாலு பக்கமும் தெறிக்கும். மழை வந்தது என்று தெரிந்துகொண்டுதான் அது விதையை விடுகிறது என்பது விளையாடும்போது தெரியாது. வெயில் நேரே விழும் முற்றத்து ஓரத்தில் பட்டுரோஜா, வாசலில் துளசி, கிணற்றுச் சுவரின் வடக்குப் பக்க நிழலில் கறிவேப்பிலை. அதற்கு மட்டும் புளித்த மோர். அவரைக் கொழுந்தில் அசுவினி மொய்த்தால் விடியற்காலையில், இலையில் பனி இருக்கும்போதே அடுப்புச் சாம்பலைத் தூவுவாள். பனி காய்ந்துவிட்டால் சாம்பல் ஒட்டாது.

விதை போடவும் எங்களுக்கென்று ஒரு நாள் உண்டு. ஊரெல்லாம் ஆடிப்பட்டம் தேடி விதைக்கும். எங்கள் மானாவாரிக் கரிசலுக்குப் புரட்டாசிதான். ஆடியில் போட்டால் அந்தக் காற்று ஈரத்தையெல்லாம் உறிஞ்சிக்கொண்டு போய்விடும். ஆச்சி கொல்லையில்கூட புரட்டாசிக்கு முன்னால் ஒரு விதை மண்ணைத் தொடாது. இந்த மண்ணின் குணத்தைப் படிக்க வெள்ளைக்காரன் காலத்திலேயே, 1901-இல், கோவில்பட்டியில் ஓர் ஆராய்ச்சிப் பண்ணை ஏற்பட்டது. மானாவாரிப் பருத்தியும் சோளமும் அங்கே இன்றுவரை ஆராயப்படுகின்றன. எங்களுக்கு ஆராய்ச்சிப் பண்ணை ஆச்சிதான்.

அவள் மண்ணோடு மல்லுக்கு நின்றது ஒரே ஒரு செடிக்காக. குண்டுமல்லி. கரிசலில் வைத்தால் மழைக்கு வேர் அழுகும் என்று அவளுக்குத் தெரியும். சங்கரன்கோவில் பக்கத்தில் அவள் தங்கச்சி வீடு. அங்கே செம்மண், பூ விளைகிற ஊர். அந்தச் சின்னாச்சி ஒரு மல்லிக் கொடியை வளைத்து, மண்ணில் பதித்து, மேலே ஒரு கல்லைத் தூக்கி வைத்து வேர்விடச் செய்து கொடுத்தாள். பதியனோடு ஒரு வண்டிச் செம்மண்ணும் வந்தது. ஆச்சி முழங்கால் உயரத்துக்கு மேடை கட்டி, அடியில் ஓட்டாஞ்சில்லு பரப்பி, செம்மண்ணும் ஓடை மணலும் மக்கிய எருவும் கலந்து நிரப்பி அதில் வைத்தாள். ஒரு செடிக்கு ஒரு மேடை. "ஒண்ணுக்குப் பாடுபடலாம். கொல்லை பூராவும் இப்பிடி வச்சா நாம செடிக்கு வேலைக்காரியா போயிருவோம்" என்பாள்.

அந்த மல்லியை அவள் கவாத்துச் செய்கிற நாளை நான் வெறுத்தேன். கார்த்திகை தீபம் கழிந்து ஒரு காலை அரிவாளைச் சாணைபிடித்துக்கொண்டு வருவாள். செழித்துக் கிடக்கிற செடியை மேடை மண்ணிலிருந்து முழங்கால் உயரம் விட்டு, சரக் சரக்கென்று கழித்துத் தள்ளுவாள். மிஞ்சிய குச்சியில் ஒட்டியிருக்கும் இலைகளையும் உருவிப் போடுவாள். தூரைச் சுற்றிக் கிளறிவிட்டு, பத்துப் பன்னிரண்டு நாள் ஒரு சொட்டுத் தண்ணீர் காட்டமாட்டாள். முதல் வருஷம் அதைப் பார்த்து நான் அழுதேன். நீலப்பந்தும் இப்படித்தானே குச்சியாக நின்றது! ஆச்சி கழித்த கிளையின் வெட்டு வாயைக் காட்டினாள். உள்ளே ஈரமாக, இளம்பச்சையாக இருந்தது. "இது தூங்குது. ஒன் செடி செத்தது. ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியணும்." பிறகு எருவும் ஊறவைத்த கடலைப் புண்ணாக்கும் வைத்துத் தண்ணீர் விட்டாள். தையில் ஒவ்வொரு கணுவிலும் சிவந்த கொழுந்து. பங்குனியில் மாலை ஆறு மணிக்கு ஒரு சொளகு மொட்டு. அரும்பாகப் பறித்து, ஈரத் துணியில் போட்டு, ஆச்சி கட்டக் கட்ட விரிந்துகொண்டே வரும். அந்தக் கோடையில் தெருவில் பாதிப் பேர் தலையில் எங்கள் வீட்டுப் பூ.

ஆச்சி 1997-இல் காலமானாள். வீடு கைமாறியது. புறப்படும்போது நான் எடுத்துக்கொண்டது நந்தியாவட்டையில் பென்சில் கனத்தில் நாலு குச்சி மட்டும். ஐப்பசி ஈரம் இருந்ததால் நாலில் மூன்று வேர்விட்டன.

இப்போது இருப்பது சென்னையில், கடலிலிருந்து நடக்கிற தூரம். மணல், உப்புக் காற்று. வந்த புதிதில் ரோஜாத் தொட்டிகள் வாங்கி மாடியில் அடுக்கிவிட்டு, இலை நுனியெல்லாம் கருகுவதைப் பார்த்து நின்றேன். பிறகுதான் ஆச்சியின் உச்சிவெயில் நடை நினைவுக்கு வந்தது. ஒரு மே மாத மத்தியானம் குடையோடு தெருவைச் சுற்றினேன். பூவரசு, புங்கை, காகிதப்பூ, அரளி நின்றன. 2016-இல் வர்தா புயல் எங்கள் தெருவில் பெருமரங்களை வேரோடு சாய்த்தது. அந்தப் பூவரசு கிளைகளை மட்டும் கொடுத்துவிட்டு நின்றது. மாடியில் கடல் பக்கத்துக்குக் காகிதப்பூவும், சுவர் மறைவில் ஊரிலிருந்து வந்த நந்தியாவட்டையும் வைத்தேன். தென்னை நார்க்கழிவு மூடாக்குப் போட்டு, விரலை மண்ணுக்குள் இரண்டு கணு விட்டுப் பார்த்து, உள்ளே காய்ந்திருந்தால் மட்டும் தண்ணீர் விடுகிறேன்.

கொடைக்கானலுக்குப் போனால் இன்றும் அந்த நீலத்தின் முன்னால் நெடுநேரம் நிற்பேன். வாங்குவதில்லை.

உங்கள் தெருவிலும் யாரும் தண்ணீர் ஊற்றாமல் அக்னி நட்சத்திரத்தைத் தாண்டி நிற்கிற செடி ஒன்று இருக்கும். வருகிற ஐப்பசியில் அந்த வீட்டுக்காரரிடம் கேட்டு ஒரு போத்து ஒடித்து வந்து வையுங்கள். வேர்பிடித்ததும் பக்கத்து வீட்டுக்கும் ஒன்று கொடுங்கள்.