திருச்சியிலிருந்து மாத்தளை எவ்வளவு தூரம்?

திருச்சிராப்பள்ளியிலிருந்து கட்டுநாயக்காவுக்கு ஆகாய மார்க்கமாக ஏறத்தாழ 420 கிலோமீற்றர். விமானம் அதனை ஒரு மணி நேர அளவிற் கடந்துவிடுகிறது. அங்கிருந்து மாத்தளை நகரை அடைவதற்கோ, தரைவழியே மூன்று மணி நேரத்துக்கு மேல் வேண்டும். கடலைக் கடப்பதினும் மலைநாட்டை அடைவதே நெடும்பயணமாகிவிட்ட காலம் இது. ஆயினும் மாத்தளைத் தமிழரின் தூரக்கணக்கு வேறொன்று.

தம்புள்ளையிலிருந்து நாவுல, நாலந்தை ஆகிய ஊர்களின் வழியாக மாத்தளைக்கு வரும் பெருந்தெரு ஏறத்தாழ 45 கிலோமீற்றர் நீளமுடையது. மிளகுக் கொடி படர்ந்த மரங்களும் வாசனைத் திரவியத் தோட்டங்களும் வழியெங்கும் கண்ணுக்கு விருந்தாகும். பேருந்தில் அமர்ந்து இவ்வழகைப் பருகும் நாம், இவ்வழியே நடந்தவர்களையும் நினைத்தல் வேண்டும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டிலே கோப்பித் தோட்டங்களில் வேலை செய்யத் தமிழகத்திலிருந்து புறப்பட்டோர், படகேறி மன்னார்க் கரையில் இறங்கினர். அங்கிருந்து ஏறத்தாழ 150 மைல் காட்டுவழியைக் கால்நடையாகவே கடந்தனர். வாந்திபேதியும் காய்ச்சலும் பசியும் பலரை வழியிலேயே மாய்த்தன. எஞ்சியோர்க்கு மலைநாட்டின் வாயிலாக நின்றது மாத்தளை. உயிருடன் வந்து சேர்ந்தமைக்கு அவர்கள் நன்றி கூறிய இடமே இந்நகரின் முத்துமாரியம்மன் கோயில் என்பது ஊர் மரபு. மாசி மகத்தன்று ஐந்து தேர்கள் உலாவரும் அத்திருவிழாவைக் காண்போர், அந்நெடும்பயணத்தின் நினைவையும் அங்கே காணலாம்.

காலம் தூரத்தைச் சுருக்கியது. 1880இல் புகையிரதம் மாத்தளையை எட்டியது. 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே, புகையிரதத்துடன் இணைந்த கப்பற் சேவை தொடங்கிற்று. 1947 டிசம்பரில் ஏர் சிலோன் விமானம் இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்குப் பறந்தது.

ஆனால், வானவழி திறந்த மறு ஆண்டிலேயே வேறொரு தூரம் விளைந்தது. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்றும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை வழங்குவதென்றும் வகுத்தது. பாட்டன் நடந்து வந்த கடற்கரையை நோக்கிப் பேரன் பெட்டி படுக்கையோடு திரும்பினான். ஒரு குடும்பத்தில் அண்ணன் அக்கரையிலும் தம்பி இக்கரையிலுமாகப் பிரிந்தனர். இங்கு எஞ்சிய நாடற்றோர்க்கு 2003ஆம் ஆண்டிலேதான் சட்டம் குடியுரிமை அளித்தது. 1948க்கும் 2003க்கும் இடைப்பட்ட 55 ஆண்டுகளை எந்த விமான அட்டவணையும் காட்டாது!

2023இல், மலையகத் தமிழரின் இருநூறாண்டு வரலாற்றை நினைவுகூர்ந்து, தலைமன்னாரிலிருந்து ஒரு நடைபயணம் புறப்பட்டு ஆகஸ்டு 12இல் மாத்தளையில் நிறைவுற்றது. வாகனங்கள் சில மணி நேரத்திற் கடக்கும் வழியை அவர்கள் இரண்டு வாரங்களுக்கு மேலாக நடந்தனர். விரைவு மறக்கச் செய்ததை நடை நினைவூட்டிற்று.

மாணவர்களே! தேசப்படத்தில் இரு நகரங்களுக்கிடையே கோடிழுத்து மைல்களை எண்ணுங்கள். விமான நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். பின்னர் உங்கள் வீட்டு முதியோரிடம், நம் குடும்பம் எவ்வழியே வந்தது, எவரெவர் வழியில் நின்றுவிட்டனர் என்று கேளுங்கள். அவர்கள் சொல்லும் விடையையும் அக்கோட்டின் அருகிலே எழுதினாலன்றி, தூரத்தின் கணக்கு முற்றுப்பெறாது.