புறங்கைச் சூடு

பிரேக் வேலை முடித்து அனுப்பிய லாரி மறுநாளே திரும்பி வந்தால், நாமக்கல்லில் எங்கள் வீட்டு எதிர்ச்சாரிப் பட்டறையில் அன்றைக்கு யாரும் உரக்கப் பேச மாட்டார்கள். லைனிங் புதுசு, ரிவெட் புதுசு, டிரம்மையும் லேத்தில் கடைந்தாயிற்று. அப்புறமும் ஏன் சுடுகிறது?

மேஸ்திரி உடனே ஸ்பேனரை எடுக்க மாட்டார். ஒவ்வொரு சக்கரமாகப் போய்ப் புறங்கையை டிரம்முக்குக் கிட்டே கொண்டுபோவார். எல்லாம் ஒரே மாதிரி வெதுவெதுப்பாக இருந்தால், "லைனிங் படிஞ்சுட்டிருக்குது, ஓட்டுப்பா" என்று அனுப்பிவிடுவார். ஒரே ஆக்சிலில் இரண்டு பக்கமும் கொதித்தால் காற்று முழுசாக இறங்கவில்லை, வால்வைப் பார்க்க வேண்டும். ஒரு சக்கரம் மட்டும் என்றால்தான் ஜாக்கி.

தூக்கிய சக்கரத்தைக் கையால் சுற்றிவிட்டுக் காதைக் கொடுப்பார். அட்ஜஸ்டரை இறுக்கிய பையன் திரும்பக் கொஞ்சம் தளர்த்த மறந்திருப்பான்; டிரைவர் காலை வைக்காமலேயே லைனிங் உரசிக்கொண்டு ஓடியிருக்கும். அது சரியாக இருந்தால் கேம். புஷ்ஷில் கிரீஸ் வறண்டுபோனால், பெடலை விட்ட பிறகும் கேம் திரும்பாது. கடைசியில் பெரும்பாலும் மாட்டுவது ரிட்டன் ஸ்பிரிங்தான். லைனிங்குக்குக் கணக்குப் பார்க்காத முதலாளிகள், "ஸ்பிரிங்குல என்னங்க இருக்குது, பழசையே மாட்டுங்க" என்பார்கள். வருஷக்கணக்கில் வெந்த ஸ்பிரிங் ஷூவை எப்படிப் பின்னால் இழுக்கும்? பழையதையும் புதியதையும் ஒரே ஆணியில் தொங்கவிட்டு நீளத்தைக் காட்டுவார். பேச்சு அதோடு முடிந்துவிடும்.

கிளீனர் பையன் வாளித் தண்ணீரோடு ஓடிவந்தால் மட்டும் மேஸ்திரிக்குக் கோபம் வரும். கொதிக்கும் வார்ப்பிரும்பில் தண்ணீர் பட்டால் விரிசல்தானே. அந்த விரிசலோடு தர்மபுரியிலிருந்து சேலம் வரும் வண்டி தொப்பூர் இறக்கத்தில் என்ன ஆகும் என்று அங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறங்குகிற ஆட்களும் இருந்த காலம்.

சரிசெய்த வண்டியை முதலைப்பட்டி வரை அவரே ஓட்டிப்போவார். நிறுத்தும்போது பிரேக்கைத் தொடாமல் தானாக ஓய விடுவார். இல்லாவிட்டால் பிரேக் போட்ட சூடா, உரசிய சூடா என்று தெரியாதாம். மறுபடியும் புறங்கை. இந்த வேலைக்குக் கூலி கிடையாது. ஸ்பிரிங் விலை மட்டும், அதையும் முதலாளியிடம்தான் வாங்குவார், டிரைவரிடம் அல்ல.

அந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. புது லாரிகளில் அட்ஜஸ்டர் தானாகவே இடைவெளியைப் பார்த்துக்கொள்கிறது. சூட்டைப் பார்க்கத் துப்பாக்கி மாதிரி ஒரு கருவி. இதிலெல்லாம் எனக்குக் குறை ஒன்றுமில்லை. அந்தக் கால லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்தது. டிரம்மைக் கழற்றியதும் காற்றுக்குழாயை வைத்து ஊதுவார்கள். சாம்பல் நிறப் புகையாக எழும். அதில் நின்று சிரித்திருக்கிறோம், மூக்கைப் பொத்தியதில்லை. மேஸ்திரி கடைசிக் காலத்தில் விடாமல் இருமினார். ஊரே பீடியைத்தான் திட்டியது.